உங்கள் பேரூராட்சியின் மக்கள்தொகையைத் தப்பில்லாமல் எடுப்பது எப்படி?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் எத்தனை பேர் என்று தேடினால் நாலு இடத்தில் நாலு எண் வரும், நாலுமே சரியாக இருக்கவும் கூடும். அந்தப் பெயரில் ஒரு பேரூராட்சி இருக்கிறது, 73 ஊராட்சிகள் கொண்ட ஒன்றியம் இருக்கிறது, வட்டம் இருக்கிறது, போதாக்குறைக்குச் சட்டமன்றத் தொகுதியும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் வந்த 25,194 பேர் என்பது பேரூராட்சிக்கு மட்டும். ஒருமுறை திருவிழா மலருக்காக எங்கள் ஊரைப் பற்றி எழுதப்போய் நான் வட்டத்தின் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டேன், அச்சானபிறகு பக்கத்து வீட்டுத் தாத்தா "இத்தனை பேரும் எங்கப்பா ஒளிஞ்சிருக்காங்க?" என்று கேட்டார். அதனால் எந்த எல்லை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, எண்ணை எங்கே எடுப்பது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையதளத்தில் மாவட்டக் கையேடு இலவசமாகக் கிடைக்கும். 2011 கையேடு அன்றைய மாவட்ட எல்லைப்படி இருக்கும் என்பதை மறக்கவேண்டாம். செங்கல்பட்டு 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது, அங்குள்ள ஊர்களையும் பழைய காஞ்சிபுரம் கையேட்டில்தான் தேடவேண்டும். இன்னொன்று, சுற்றிலும் வயலாகவே இருந்தாலும் பேரூராட்சி என்றால் கணக்கெடுப்பில் அது 'நகரம்'. கிராமப் பட்டியலில் தேடிவிட்டு ஊரே இல்லை என்று சொல்பவர்கள் நிறைய. 

வார்டு வாரியான எண்ணும் அந்தக் கையேட்டிலேயே இருக்கும். ஆனால் 2022 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பு வார்டு எல்லைகளை மாற்றி வரைந்தார்கள், எனவே 2011-ன் 5வது வார்டும் இன்றைய 5வது வார்டும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். வார்டு பிரிப்பது உத்திரமேரூருக்குப் புதிதல்ல, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-ல் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளிலேயே 30 குடும்புகள் (அன்றைய வார்டுகள்) என்று கணக்கு இருக்கிறது. இன்று 18 வார்டுகள்.

எழுத்தறிவு விகிதத்தில்தான் பலரும் வழுக்குவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மொத்த மக்கள்தொகையால் வகுக்கக்கூடாது, 6 வயது வரையிலான குழந்தைகளைக் கழித்துவிட்டு மிச்சத்தால் வகுக்கவேண்டும். தமிழ்நாட்டையே போட்டுப் பாருங்கள்: மொத்தம் 7,21,47,030, அதில் குழந்தைகள் 74,23,832, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 5,18,37,507. கழித்து வகுத்தால் 80.09 சதவீதம், கழிக்காவிட்டால் 71.85. அந்த ஒரு கழித்தலை விட்டாலே எட்டு சதவீதப் புள்ளி போய்விடுகிறது பாருங்கள்!

அடர்த்திக்கு மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்தால் போதும். கையேட்டில் கிராமங்களின் பரப்பு ஹெக்டேரில் இருக்கும், நகரங்களுடையது சதுர கிலோமீட்டரில். 100 ஹெக்டேர் ஒரு சதுர கிலோமீட்டர். வந்த விடையை மாநிலச் சராசரியான 555-உடன் ஒப்பிடும் முன், எல்லைக்குள் ஏரி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். ஏரியில் யாரும் குடியிருப்பதில்லை, பரப்பில் மட்டும் அது சேர்ந்துவிடும். குடியிருக்கும் தெருக்களின் நெருக்கடி அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

நில அமைப்புக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் காஞ்சிபுரம் மாதிரி சமவெளியில் 20 மீட்டர் இடைவெளிச் சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) ஊருக்கு ஒன்றோ இரண்டோதான் வரும், அதை வைத்து எதுவும் சொல்லமுடியாது. ஏரிக்கரையைப் பாருங்கள். கரை வில் மாதிரி வளைந்திருக்கும், அந்த வளைவின் உள்பக்கம் தண்ணீர் வந்து சேரும் மேட்டுப்பக்கம், வெளிப்பக்கம் பள்ளம், மதகுகளும் ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல்களும் அங்கேதான். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் கலங்கலிலிருந்து போகும் ஓடையைத் தொடர்ந்தால் அடுத்த ஏரி எது என்பதும் தெரிந்துவிடும். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தாலும் சரி, ஒரு நாள் மழைக்காலத்தில் கரைமேல் நடந்து பார்த்தால் இன்னும் நல்லது. சர்வே எண்ணோடு எல்லை வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், '2025 மக்கள்தொகை' என்று ஊர் ஊராகப் போட்டிருக்கும் தளங்களை நம்பாதீர்கள், பழைய எண்ணை ஏதோ ஒரு விகிதத்தால் பெருக்கியது அது. அடுத்த கணக்கெடுப்புக்குக் குறித்த நாள் 2027 மார்ச் 1. அந்த எண்கள் வெளிவரும்வரை எதை எழுதினாலும் பக்கத்தில் 2011 என்று போட்டுவிடுங்கள்.