நெகேவ் மலைமேட்டுல கல்லுக் கருவிகளப் படிக்கிறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

தொல்லியல் படிக்கிற நெறைய பேருக்கு அம்பு முனைனா உயிரு, கருவி செய்ய கல்லத் தட்டுறப்ப உடைஞ்சு பக்கத்துலயே குவிஞ்சு கெடக்குற சில்லுகள திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க, எல்லாத்தையும்விட பெரிய தப்பு இதுதான். இஸ்ரேலுக்குத் தெக்க நெகேவ் பாலைவனத்துல, அவ்தாத் பக்கம் போக்கர் டாக்டிட்னு ஒரு எடம், கிட்டத்தட்ட 50,000 வருஷம் பழசு. 1970கள்ல தொல்லியலாளர் ஆந்தனி மார்க்ஸோட டீம் அங்க தோண்டுனப்ப, சில்லுகள அது உடைஞ்சு வந்த கல்லோடயே திரும்பப் பொருத்திப் பாத்தாங்க. கீழ் அடுக்குலயும் மேல் அடுக்குலயும் கெடச்ச முனைங்க பாக்க ஒரே மாதிரிதான் இருந்துச்சு, ஆனா கீழ் அடுக்குல கல்லோட எதிரெதிரா உள்ள ரெண்டு பக்கத்துலேருந்தும் தட்டிருக்காங்க, மேல் அடுக்குல ஒரே பக்கத்துலேருந்து தட்டிருக்காங்க. முனைய மட்டும் எடுத்து வச்சிருந்தா இந்த மாற்றம் யாருக்குமே தெரிஞ்சிருக்காது!

மைக்ரோபியூரினயும் ஒரு கருவின்னு எண்ணிடாதீங்க, முன்னாடி ஆராய்ச்சியாளர்களே அப்படித்தான் நெனச்சாங்க. மெல்லிசா நீளமா இருக்குற சில்லோட ஓரத்துல ஒரு பள்ளம் வெட்டி ஒடிச்சா, கழிவா விழுற துண்டு அது. கையில வச்சுப் பாருங்க, ஓரத்துல பாதிப் பள்ளம் இருக்கும், அதுலேருந்து சாய்வா ஒரு ஒடிவு போகும். இது கெடைக்குதுனா ஆளு அங்கயே உக்காந்து கருவி செஞ்சிருக்காருன்னு அர்த்தம். கண்ணு பெருசா உள்ள சல்லடைல சலிச்சா இதெல்லாம் மண்ணோட போயிரும், ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத பிறை வடிவக் கருவிகளும் சேந்து போயிரும்.

அடுத்து, தரைல ஒண்ணா கெடக்குறதால ஒரே காலம்னு முடிவு பண்றது. பாலைவனத்துல காத்து மண்ண அடிச்சிட்டுப் போயிருது, கல்லு மட்டும் எறங்கி எறங்கி ஒரே மட்டத்துக்கு வந்துருது, அதனால பல ஆயிரம் வருஷ இடைவெளில உள்ள ரெண்டு கல்லு பக்கத்துப் பக்கத்துல இருக்கலாம். நெறத்த வச்சும் வயசு சொல்லாதீங்க, ஒரே கல்லோட மேல்பக்கமும் அடிப்பக்கமுமே வேற வேற நெறத்துல இருக்கும்.

வயசு கணக்குப் பண்ண அடுப்புக் கரித்துண்டு கெடச்சாலும் அவசரப்பட வேணாம், காஞ்ச எடத்துல பட்டுப்போன மரம் ரொம்ப காலம் அப்படியே கெடக்கும், பின்னாடி வந்தவங்க அத எடுத்து எரிச்சிருக்கலாம், அப்ப வர்ற தேதி அடுப்போடது இல்ல, மரத்தோடது.

கல்லுச் சுவர் பாத்ததும் வருஷம் முழுக்க ஆளுங்க இருந்த ஊருன்னு எழுதுறதும் தப்புதான். நெகேவ்ல இருக்குற ஹர் ஹரிஃப் மேட்டுல, 900 மீட்டருக்கு மேல, அபு சாலம், ரோஷ் ஹோரெஷானு ரெண்டு எடம். சுமார் 12,000 வருஷத்துக்கு முந்தி வேட்டையாடி வாழ்ந்த ஹரிஃபியன் மக்கள் அங்க தரைய கொஞ்சம் தோண்டி, சுத்தி கல்லு வச்சு வீடு கட்டிருக்காங்க, அரைக்கிற கல்லும் இருக்கு. ஆனா அங்க கெடைக்குற அம்பு முனைங்க மாதிரியே கீழ மேற்கு நெகேவ் மணல்மேடுகள்லயும் கெடைக்குது, அங்க இருந்ததெல்லாம் சின்ன முகாம்கள்தான். வெயில் காலத்துல மேல, குளிர்காலத்துல கீழன்னு அதே கூட்டம்தான் மாறி மாறி இருந்திருக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. மேட்ட மட்டும் தோண்டிட்டு அவங்க வாழ்க்கைய முழுசா எழுதிட்டோம்னு நெனச்சா, பாதி வருஷம் விட்டுப்போயிரும்.