ஏற்காட்டில் இரண்டு இரவுகள்: பழைய நண்பர்கள் கூடும்போது தவிர்க்க வேண்டியவை

கல்லூரி முடிந்து 30 ஆண்டுகள் கழித்து நாங்கள் எட்டுப் பேர் ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் கூடினோம். அதன்பின் இரண்டு முறை போய்விட்டோம். முதல் பயணத்தில் நாங்கள் செய்த தவறுகள், அடுத்துக் கிளம்பும் எவருக்கும் நேரக்கூடியவைதான்.

இருப்பது இரண்டே இரவு. ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி என்று பகல் முழுவதும் வேனில் சுற்றினோம். இரவு மேசைக்கு வந்தபோது எல்லோர் கண்ணிலும் தூக்கம். கால் மணி நேரத்தில் சாப்பிட்டு எழுந்துவிட்டோம். முப்பது வருடமாகப் பார்க்காத முகங்களைப் பார்க்கத்தானே போனோம்? ஒரு நாளுக்கு ஓரிடம் போதும். மாலை நான்கு மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் காரில் கிளம்பி, இருட்டில் மலையேறுவதும் வேண்டாம். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிரே வரும் வண்டி தெரியாது. எங்களில் இருவர் இரவு பத்தரைக்கு வந்து சேர்ந்தார்கள். சமையலறையை மூடிவிட்டார்கள். முதல் இரவு அவர்களுக்குக் கிடைத்தது பிஸ்கட்டும் தேநீரும். சென்னையிலிருந்து வருபவர்கள் காலை ரயிலில் வந்து சேலத்தில் இறங்கி, வெளிச்சம் இருக்கும்போதே மேலேறலாம்.

இரவு உணவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். யார் சைவம், யாருக்குக் காரம் ஆகாது, யார் மாத்திரை போட்டுக்கொண்டு எட்டு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டு ரிசார்ட்டுக்குச் சொல்லிவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. முதலில் கேம்ப்ஃபயர், பிறகு சாப்பாடு என்று வைத்ததில், இன்சுலின் போட்டுக்கொள்ளும் நண்பன் ஒன்பதரை வரை பசியோடு உட்கார்ந்திருந்தான். கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. நெருப்பைச் சாப்பாட்டுக்குப் பிறகும் மூட்டிக்கொள்ளலாம். அதேபோல், தனித்தனி மேசைகளில் நான்கு நான்கு பேராக உட்காராமல், எட்டுப் பேருக்கும் ஒரே நீள மேசை போடச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது பணம். மொத்தச் செலவை எட்டால் வகுத்துவிட்டோம். குடிக்காதவனும் மற்றவர்களின் மதுவுக்குப் பங்கு கொடுத்தான். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை அழைத்தபோது வேலை இருக்கிறது என்றான். அவனை நேரில் போய்ப் பார்த்துப் பேசித்தான் மூன்றாம் முறை வரவழைத்தோம். அறை, வண்டி, சாப்பாடு ஆகியவை பொது. மது தனி. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதற்கு வேறு வரி என்பதால் தனி பில் கேட்பதில் சிரமமே இல்லை. அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதையும் கணக்கில் வையுங்கள். அதற்குள் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்பதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது. பரிமாறிய பையனுக்குக் கையில் தாராளமாகக் கொடுங்கள்.

மேசையில் பழைய பட்டப்பெயர்களை எடுப்பதற்கு முன் அந்த முகத்தை ஒருமுறை பாருங்கள். பத்தொன்பது வயதில் சிரித்தவன் ஐம்பதில் சிரிக்க வேண்டும் என்றில்லை. சம்பளம், பிள்ளையின் கல்யாணம் பற்றி நாமாகக் கேட்க வேண்டாம். வேலை போனதை எங்களில் ஒருவன் இரண்டாம் இரவு தானாகவே சொன்னான். அவன் சொல்லி முடிக்கும் வரை யாரும் தட்டைத் தொடவில்லை.

கடைசியாக ஒன்று. அடுத்த சந்திப்பைப் பிறகு வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் இரண்டாம் பயணம் அப்படித்தான் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது. இப்போதெல்லாம் கடைசி இரவு, இலையை எடுப்பதற்குள் தேதியைக் குறித்து முன்பணமும் போட்டுவிடுகிறோம்.