நூலுக்குத் தடை என்றால் முதலில் அரசிதழைக் கேளுங்கள்

"புத்தகத்துக்குத் தடை போட்டுட்டாங்க" என்று செய்தி வந்ததும் பதிப்பாளர்கள் இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, கிடங்கில் இருக்கும் பிரதிகளை இரவோடு இரவாக அப்புறப்படுத்துவது. இன்னொன்று, கருத்துரிமை பற்றி நீண்ட அறிக்கை எழுத உட்காருவது. இரண்டையும் நிறுத்தி வையுங்கள். தடை எந்தத் தாளில், யார் கையெழுத்தில், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

காரணம், தடை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல சங்கதிகள் கிடக்கின்றன. மாநில அரசு எல்லாப் பிரதிகளையும் பறிமுதல் செய்வதாக அறிவிப்பது ஒன்று. வெளிநாட்டு நூல் உள்ளே வராமல் சுங்கச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் மத்திய அரசு தடுப்பது இன்னொன்று. சிவில் நீதிமன்றம் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதிக்கலாம். மின்நூல் என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ வரும். இவை எதுவுமே இல்லாமல், 2014-இல் வெண்டி டோனிகரின் இந்துக்கள் பற்றிய நூலுக்கு நடந்ததுபோலப் பதிப்பகமே சமரசம் செய்துகொண்டு நூலைத் திரும்பப் பெறலாம். அதையும் ஊர் தடை என்றுதான் சொன்னது. பாதை ஒவ்வொன்றுக்கும் வேறு. வழி தவறினால் மாதக் கணக்கில் வீணாகும்.

தாளைக் கேட்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு சல்மான் ருஷ்டியின் 'சாத்தானின் வசனங்கள்' வழக்கைப் பாருங்கள். 1988 அக்டோபர் 5 தேதியிட்ட சுங்க அறிவிக்கையால் அது இந்தியாவுக்குள் வரவில்லை. 2019-இல் ஒரு வாசகர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். அறிவிக்கையின் நகலை எந்த அதிகாரியாலும் காட்ட முடியவில்லை. 2024 நவம்பரில் நீதிமன்றம், அப்படியொரு அறிவிக்கை இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டது. 36 ஆண்டுத் தடை, காகிதம் கிடைக்காமல் போனதில் தீர்ந்தது.

இனி, மதம் சார்ந்த நூல்களுக்கு அதிகம் வரும் வகையான மாநில அரசின் பறிமுதல் அறிவிக்கைக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் இது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 98-ஆம் பிரிவு. பழைய தீர்ப்புகளில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 95 என்றும், அதற்கும் முந்தையவற்றில் 99ஏ என்றும் இருக்கும். நூலில் உள்ள விஷயம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பிஎன்எஸ்ஸின் 152, 196, 197, 294, 295, 299 ஆகிய பிரிவுகளில் ஒன்றின்படி தண்டனைக்குரியது என்று அரசுக்குத் தோன்றினால்தான் இந்த அதிகாரம். மத விவகாரத்தில் வருபவை பெரும்பாலும் இரண்டு: பிரிவினரிடையே பகை மூட்டுவது பற்றிய 196, மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 299. பழைய எண்களில் 153ஏ, 295ஏ.

அறிவிக்கை அரசிதழில் வெளிவர வேண்டும். தமிழ்நாடு என்றால் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் தளத்தில் சிறப்பு வெளியீடுகளைத் தேதி வாரியாகத் தேடுங்கள். அதே நாளில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு ஒன்றும் உள்துறைக்குப் போகட்டும். அறிவிக்கையின் நகல், அதற்கு முந்தைய கோப்புக் குறிப்புகள், நூலைப் படித்துக் கருத்துச் சொன்னவர் இருந்தால் அவர் அறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகும். அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் பிஎன்எஸ்எஸ் பிரிவு 99. அரசிதழில் வெளியான தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். உங்கள் கைக்கு நகல் வந்த தேதி கணக்கில் இல்லை. போலீஸ் கடைக்கு வந்த தேதியும் இல்லை. மார்ச் 12 அரசிதழ் என்றால் மே 12. அறிவிக்கை வந்தது தெரியாமல் ஆறு வாரம் பேட்டி கொடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் வக்கீலைத் தேடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் விபத்து. கீழமை நீதிமன்றத்துக்கு ஓடுவதிலும் பயனில்லை. இந்த அறிவிக்கையை 99-ஆம் பிரிவின் வழி தவிர வேறெங்கும் கேள்வி கேட்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. மனுவை விசாரிப்பது மூன்று நீதிபதிகளுக்குக் குறையாத சிறப்பு அமர்வு. வேறு மாநிலம் பிறப்பித்த அறிவிக்கை என்றால் வழக்கமாக அந்த மாநில உயர் நீதிமன்றம்தான். ஆனால் பிரதிகளை நாட்டின் எந்த மூலையிலும் பிடிக்கலாம்.

யார் போடலாம்? நூலில் அக்கறை உள்ள எவரும். எழுத்தாளர் ஒதுங்கிவிட்டாலும் வழக்கு செத்துவிடாது. சிவாஜி பற்றிய ஜேம்ஸ் லெயினின் நூலை மகாராஷ்டிர அரசு 2004-இல் பறிமுதல் செய்தபோது மும்பை உயர் நீதிமன்றம் போனவர்கள் ஒரு வக்கீல், ஓர் ஆவணப்பட இயக்குநர், ஒரு சமூகச் செயற்பாட்டாளர். 2007-இல் வென்றார்கள், 2010-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அறிவிக்கை கையில் கிடைத்ததும் அதை ஒரு வரி விடாமல் படியுங்கள். வழக்கின் பாதி அங்கேதான் இருக்கிறது. சட்டம் கேட்பது "அபிப்பிராயத்துக்கான காரணங்கள்". அபிப்பிராயம் வேறு, காரணம் வேறு. இந்த வித்தியாசத்தை நமக்கு நாட்டியவர் லலாய் சிங் யாதவ். பெரியாரின் ராமாயண விமர்சன நூலை இந்தியில் கொண்டுவந்தவர். உத்தரப் பிரதேச அரசு 1969-இல் ஆங்கிலம், இந்தி இரண்டு பதிப்புகளையும் பறிமுதல் செய்தது. அந்த உத்தரவில் இந்துக்களின் மதத்தை இழிவுபடுத்தும் நோக்கம் கொண்டது என்ற வாசகம் இருந்தது. பின்னிணைப்பில் பக்க எண், வரி எண் எல்லாம் அட்டவணையாகக் கூட இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: அந்த வரிகள் ஏன், எப்படிக் குற்றமாகின்றன என்ற விளக்கம். அலகாபாத் உயர் நீதிமன்றம் 1971-இல் உத்தரவை ரத்து செய்தது. அரசு மேல்முறையீடு போனது. 1976 செப்டம்பரில், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த போது, நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அந்த முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. காரணம் பக்கம் பக்கமாக இருக்க வேண்டியதில்லை, சுருக்கமாக இருக்கலாம். ஆனால் இருந்தே ஆக வேண்டும். பக்க எண் காரணமாகாது.

ஆகவே உங்கள் அறிவிக்கையில் மூன்று நிறத்தில் கோடு போடுங்கள். சட்டப் பிரிவின் சொற்களை அப்படியே எடுத்து எழுதிய இடங்கள் ஒரு நிறம். நூலிலிருந்து எடுத்த மேற்கோளும் பக்க எண்ணும் இன்னொரு நிறம். இரண்டையும் இணைத்து இதனால் இது என்று சொல்லும் வாக்கியங்கள் மூன்றாவது நிறம். மூன்றாவது நிறம் இல்லையென்றால் லலாய் சிங் தீர்ப்பு உங்கள் பக்கம். 196 சொல்லப்பட்டிருந்தால், எந்தப் பிரிவினருக்கும் எந்தப் பிரிவினருக்கும் இடையே பகை என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். லெயின் வழக்கில் அறிவிக்கை விழுந்தது அந்த ஓட்டையில்தான்.

ஆனால் இந்த ஓட்டையை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள். வாசகக் குறையால் உத்தரவு ரத்தானால் அரசு நல்ல வக்கீலை வைத்து ஒழுங்கான உத்தரவோடு திரும்பி வரலாம். நூலின் உள்ளடக்கத்தையும் சேர்த்தே வாதாட வேண்டும்.

அதற்கு வேண்டியது ஓர் அட்டவணை. அரசு சுட்டும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரிசை. பக்கம், பத்தி; பகுதியின் முழு வாசகம்; அதற்கு முந்தைய, பிந்தைய பத்திகள்; சொல்வது யார், ஆசிரியரா, கதாபாத்திரமா, மேற்கோளா; ஆதாரம் என்ன, புராணமா, தல வரலாறா, முந்தைய ஆய்வா; இதே செய்தி முன்பு எந்தெந்த நூலில் தடையின்றி வந்திருக்கிறது. அட்டவணையின் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு நூலகத்தில் இரண்டு நாள் உட்கார வேண்டிவரும், உட்காருங்கள். முழு நூலையும் சாட்சியமாகத் தாக்கல் செய்யலாம். செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பு நாலு வரியைத்தான் பிய்த்துக் காட்டும்.

தமிழ் நூலுக்குக் கூடுதல் சிக்கல் மொழிபெயர்ப்பு. நீதிமன்றக் கோப்பில் இருக்கப்போவது ஆங்கிலம். கிராமத்தில் பாட்டி பேரனைச் செல்லமாகத் திட்டும் வசவு ஆங்கிலத்தில் அப்பட்டமான ஆபாசமாக நிற்கும். புகார்தாரர் கொடுத்த மொழிபெயர்ப்பை எதிர்க்காமல் விட்டால் அதுவே உங்கள் நூலாகிவிடும். உங்கள் தரப்பிலிருந்து இலக்கிய மொழிபெயர்ப்பில் பழகிய ஒருவரின் பெயர்ப்பை, பிரமாணப் பத்திரத்தோடு, முதல் விசாரணைக்கு முன்பே தாக்கல் செய்யுங்கள்.

அளவுகோல் பற்றி இரண்டு வார்த்தை. 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 295ஏ செல்லும் என்றது. ஆனால் வேண்டுமென்றே, தீய நோக்கோடு செய்யும் கடுமையான அவமதிப்பு மட்டுமே அதில் வரும் என்றும் வரையறுத்தது. தொட்டாற்சுருங்கிகளை வைத்து அளக்கக் கூடாது, நியாயமான, திடமான மனம் கொண்டவர்களை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது 'தமஸ்' தொலைக்காட்சித் தொடர் வழக்கில் 1988-இல் உறுதியானது. இதற்காக எல்லா நூலும் தப்பிவிடும் என்று எண்ண வேண்டாம். இஸ்லாம் பற்றிய ஆர்.வி. பாசினின் நூலுக்கான தடையை 2010-இல் மும்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. மதத்தை விமர்சிக்கலாம், ஆனால் அந்த நூல் தீய நோக்கோடு பகை மூட்டுகிறது என்பது முடிவு. நம்பிக்கையை விமர்சிப்பதற்கும் நம்புகிறவர்கள் மீது வெறுப்பைத் தூண்டுவதற்கும் நடுவிலுள்ள கோட்டை உங்கள் நூல் தாண்டுகிறதா என்று வழக்குக்கு முன் உங்களுக்குள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போலீஸ் வந்தால்: அறிவிக்கை வந்த பின் எந்தக் காவலரும் கண்ணில் படும் பிரதியை எடுக்கலாம். கிடங்குக்குள் நுழைந்து தேட மாஜிஸ்திரேட்டின் வாரண்ட் வேண்டும். வருபவர் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். மகஜரில், அதாவது கைப்பற்றியதைப் போலீஸ் எழுதும் பட்டியலில், நூலின் பெயர், பதிப்பு, பிரதிகளின் எண்ணிக்கை மூன்றும் சரியாக ஏறுகின்றனவா என்று பார்த்து நகல் வாங்குங்கள். "புத்தகக் கட்டு 6" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பின்னால் ஒரு கட்டில் 20 பிரதியா 50 பிரதியா என்று நிரூபிக்க வழியிருக்காது. சோதனையை ஒலி-ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்பது பிஎன்எஸ்எஸ் 105. அதை நினைவூட்டுங்கள், ஆனால் தடுக்காதீர்கள்.

எஃப்ஐஆர் தனிப் பாதை. பிஎன்எஸ் 299-க்கு மூன்று ஆண்டு வரை சிறை; ஜாமீனில் வெளிவரக்கூடிய குற்றம் அல்ல. ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனை என்பதால் வழக்கமாக முதலில் வருவது கைதுக்குப் பதில் ஆஜராகச் சொல்லும் பிஎன்எஸ்எஸ் 35(3) நோட்டீஸ். அதற்குக் குறித்த நாளில் வக்கீலோடு போங்கள். அதே சட்டத்தில் முன்ஜாமீனுக்கு 482, வழக்கையே ரத்து செய்ய 528. மூன்று முதல் ஏழாண்டுக்குட்பட்ட பேச்சுரிமை வழக்குகளில் எஃப்ஐஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை செய்வதே முறை என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் மனுவில் இது இருக்க வேண்டும். அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இந்த வழக்கைக் கையிலெடுக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

தமிழ்நாட்டில் இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி வருவது அமைதிப் பேச்சுவார்த்தை. ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) அல்லது கலெக்டர் அலுவலகத்திலிருந்து போன் வரும்: "வந்து பேசிட்டுப் போயிடுங்க சார்." 'மாதொருபாகன்' நாவலுக்காக 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் நடந்தது இதுதான், பெருமாள்முருகன் கையெழுத்திட்டு வந்தார். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று சொன்னது. இடையில் ஒன்றரை ஆண்டு போயிருந்தது. அழைப்பை எழுத்தில் கேளுங்கள். வக்கீலோடு போங்கள். எதிர்த்தரப்பு எழுதி வைத்திருக்கும் தாளில் அங்கேயே கையெழுத்திடாதீர்கள். "படித்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்பது போதும். பாதுகாப்பு வேண்டுமென்றால் எஸ்பிக்குத் தனி மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆர்ப்பாட்ட மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்தை நசுக்க முடியாது என்று 1989-இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' பட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வரியை மனுவில் சேருங்கள்.

அறிவிக்கை ரத்தானதும் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் எந்த நிலையத்திலும் மூட்டை திரும்பாது. நகலையும் மகஜரையும் இணைத்து, பிரதி எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, பறிமுதல் செய்த நிலைய ஆய்வாளருக்கும் எஸ்பிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடைகளுக்கும் இணைய விற்பனைத் தளங்களுக்கும் ஒரு நகல் போக வேண்டும். பல கடைகள் தடை வந்ததைச் செய்தித்தாளில் படித்திருக்கும், ரத்தானதைப் படித்திருக்காது.