புத்தம்புது கேமை முதல் நாளே வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் அது தனியாக ஆடும் கதை கேமா, ஆன்லைனில் மட்டும் ஓடுவதா என்று முதலில் பாருங்கள்.

சோனியின் 'கான்கார்ட்' என்ற ஆன்லைன் கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று 40 டாலருக்கு வந்தது. ஆட ஆள் சேரவில்லை. செப்டம்பர் 6-ஆம் தேதியே சர்வரை நிறுத்திவிட்டார்கள். பணத்தைத் திருப்பித் தந்தார்கள் என்பது உண்மைதான், எல்லா நிறுவனமும் தரும் என்று சொல்ல முடியாது. புதிய ஆன்லைன் கேம் என்றால் ஒரு மாதமாவது பொறுங்கள்.

கதை கேமுக்கு இந்தப் பயம் குறைவு. கூட்டம் இல்லாவிட்டாலும் அது ஓடும். பிரான்ஸின் மோன்பெல்லியே நகரிலுள்ள சான்ட்ஃபால் ஸ்டுடியோவின் முதல் கேமே 'கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33'. 2025 ஏப்ரலில் வந்து, அந்த ஆண்டின் சிறந்த கேம் என்று 'தி கேம் அவார்ட்ஸ்' விருதையும் வாங்கியது. இப்படிப்பட்ட குழுக்களுக்கு முதல் வார விற்பனை பெரிய பலம். பிடித்திருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

கம்ப்யூட்டரில் ஆடுவோருக்கு ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடைதான் பாதுகாப்பு: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். கேமைத் திறந்து வைத்திருக்கும் நேரமும் கணக்கில் சேரும், எனவே செட்டிங்ஸிலேயே நேரத்தைக் கரைக்காதீர்கள்.

பிளேஸ்டேஷன் ஸ்டோரில் கதை வேறு. பழுதான கேமாக இல்லாவிட்டால், டவுன்லோடு தொடங்கியதுமே ரீஃபண்ட் வாய்ப்பு போய்விடும். முன்பதிவு செய்திருந்தால் ஆட்டோ டவுன்லோடை அணைத்துவிட்டு, விமர்சனங்கள் வந்தபின் இறக்குங்கள்.