ஆடிக் காத்துல பைப் பிடிக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க மொட்டை மாடிக்கு ரெண்டு பேர் வந்திருந்தாங்க. ரெண்டு பேருக்கும் முப்பத்தஞ்சு தாண்டிருச்சு, சிகரெட்ட விட்டுட்டு புகையிலை பைப்புக்கு மாறி மூணு மாசம்தான் ஆகுது. ஏசி ரூம்ல ஜன்னல சாத்திட்டு பிடிச்சுப் பழகுனவங்க. எங்க வீடு ஆரல்வாய்மொழிப் பக்கம், காத்தாலை சுத்துற ஊரு. மேற்குத் தொடர்ச்சி மலைல பாலக்காடு, செங்கோட்டை, அப்புறம் எங்க ஆரல்வாய்மொழின்னு கணவாய் இருக்குல்ல, தென்மேற்குப் பருவக்காத்து அது வழியா புனல்ல ஊத்துன மாதிரி பாயும், முப்பந்தல்ல அத்தனை காத்தாலைய நட்டு வச்சிருக்கறதே அதுக்குத்தான். ஆடில அம்மி பறக்குதோ இல்லியோ எங்க மாடில பிளாஸ்டிக் சேர் பறக்கும்.

அரை மணி நேரத்துல ஒருத்தர் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு தண்ணி கேட்டாரு. இன்னொருத்தர் பண்ணுன காரியத்தப் பாத்து எனக்கு ராத்திரி தூக்கமே வரல, அத அப்புறம் சொல்றேன். ரெண்டுமே நான் பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி பண்ணுன கூத்து, அப்படியே கண்ணு முன்னாடி ஓடுச்சு. அதான் எழுதிரலாம்னு உக்காந்துட்டேன்.

புகைய நெஞ்சுக்குள்ள இழுத்து இருமுறது, பேசிக்கிட்டே கீழ போடுறது இதெல்லாம் ரெண்டாவது நாளே தானா தெரிஞ்சுரும், விடுங்க. இன்னொன்னு, பைப்னா கெடுதல் இல்லைன்னு ஒரு நெனப்பு சுத்திக்கிட்டு இருக்கு, அப்படியெல்லாம் கிடையாது, உதடு, வாய், தொண்டைன்னு எல்லா எடத்துலயும் புத்துநோய் இதுலயும் வரும். பழக்கம் இல்லாதவங்க இதப் படிச்சிட்டு ஆரம்பிக்காதீங்க. ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் இது.

அவிஞ்சுருமோன்னு பயந்து இழுத்துக்கிட்டே இருக்கறது

காத்து அடிச்சா பைப் அவிஞ்சுரும்னுதான் எல்லாரும் பயப்படுறாங்க. உண்மையில நடக்கறது நேர் எதிர். பத்த வைக்கறதுதான் கஷ்டம், பத்திருச்சுன்னா அப்புறம் காத்தே உங்களுக்குப் பதிலா பிடிக்கும். கொல்லன் பட்டறைல துருத்தி ஊதுறத பாத்திருப்பீங்க, பௌல், அதான் புகையிலை அடைக்கிற குழி, அது மேல காத்து படும்போது அதேதான் நடக்குது. நீங்க சும்மா வாயில வச்சிருந்தாலே உள்ள கங்கு செவசெவன்னு ஏறிக்கிட்டு இருக்கும். அதுக்கு மேல அவிஞ்சுருமேன்னு நீங்களும் புஸ்ஸு புஸ்ஸுன்னு இழுத்தா என்ன ஆகும், புகையிலைல இருக்கற ஈரம் ஆவியாகி புகையோட வந்து நாக்குல அடிக்கும். மறுநாள் ரசம் சாதம் கூட சாப்பிட முடியாது. நாக்கு எரிச்சலுக்கு புகையிலை சரியில்லன்னு பிராண்டை மாத்திக்கிட்டே இருக்கறவங்க நிறைய பேரு இருக்காங்க, பாவம் புகையிலை என்ன பண்ணும்.

நான் பண்றது, கட்டைவிரலால பௌல் வாயை பாதி மூடிக்குவேன், காத்து வர்ற பக்கமா. மூச்சு விடுற மாதிரி மெதுவா, நிமிசத்துக்கு ரெண்டு மூணு தடவ இழுத்தா போதும். அப்பப்ப பௌலை கன்னத்துல வச்சுப் பாருங்க, வச்ச எடத்துல வச்சிருக்க முடியலையா, உடனே கீழ வச்சிருங்க. அவிஞ்சா அவியட்டும். ஒரு பைப்ப நாலஞ்சு தடவ திருப்பிப் பத்த வைக்கிறது ஒண்ணும் கேவலம் இல்ல. தீக்குச்சி என்ன விலை விக்குது, பைப் என்ன விலை விக்குது.

ஜெட் லைட்டர்

இதுதான் நான் சொல்ல வந்ததே. மத்ததெல்லாம் சும்மா.

கப்பல்ல ஃபிட்டரா இருந்தேன். 2009ல ஜெர்மனி ஹாம்பர்க் துறைமுகத்துல கப்பல் நின்ன அன்னைக்கு சீஃப் இஞ்சினியர் கூடப் போயி முத முதல்ல ஒரு நல்ல ப்ரையர் பைப் வாங்குனேன், 85 யூரோ, அப்ப நம்ம காசுக்கு ஆறாயிரத்துக்குக் கிட்ட வந்துச்சு. சீஃப் போலந்துக்காரரு, நாப்பது வருசமா பைப் பிடிக்கிற மனுசன், வாங்கும்போதே சொன்னாரு, இதுல தீக்குச்சிய தவிர வேற எதையும் காட்டாதேன்னு. சரி சரின்னு தலைய ஆட்டிட்டு லீவுக்கு ஊருக்கு வந்தேன். வந்தது ஆடி மாசம். மாடில நின்னு ஒரு பெட்டி தீக்குச்சி காலி, பத்தவே இல்ல. நாகர்கோவில்ல ஒரு ஃபேன்சி கடைல ஜெட் லைட்டர் இருந்துச்சு, 150 ரூபா, உஸ்ஸ்ஸுன்னு நீலமா ஊசி மாதிரி தீ, எந்தக் காத்துலயும் அசையாது. உலகத்தையே ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு எனக்கு.

மூணு வாரத்துல பௌலோட விளிம்பு கரி. சரி கரிதானே, துடைச்சா போயிரும்னு நெனச்சேன். துடைச்சா கரி போச்சு, அதோட சேர்ந்து மரமும் போச்சு, அந்த எடம் பள்ளமா இருந்துச்சு. அது வெந்து போன மரம், அழுக்கு இல்ல.

ஏன் இப்படின்னா, ஜெட் தீயோட சூடு ஆயிரம் டிகிரிய எல்லாம் ஈசியா தாண்டும், அது வெல்டிங் டார்ச்சுக்குத் தம்பி. ப்ரையர்ங்கறது மத்தியதரைக்கடல் பக்கம் வளர்ற ஒரு செடியோட வேர் முண்டு, மத்த மரத்த விட சூடு தாங்கும், அதுக்காக அது அடுப்புக் கல்லு இல்ல, மரம்தான். அப்புறம் பகல் வெளிச்சத்துல அந்த நீலத் தீ கண்ணுக்கே தெரியாது. புகையிலை மேல காட்டுறோம்னு நீங்க நெனச்சிட்டு இருப்பீங்க, அது விளிம்பை மேஞ்சுக்கிட்டு இருக்கும். கூட காத்துக்கு கையும் ஆடும். சாதா லைட்டர்னா நீங்க இழுக்கும்போது தீ வளைஞ்சு உள்ள எறங்கும், ஜெட் வளையாது, அதனால லைட்டரையே சாய்க்கணும், சாய்ச்சா நேரா போயி எதிர்ப்பக்க உள்சுவத்துல குத்தும்.

புது பைப்புல இது இன்னும் மோசம். கொஞ்ச நாள் பிடிச்ச பைப்புக்கு உள்ள கேக்னு ஒரு கரிப் படலம் கட்டும், ஒரு ரூபா காசு கனத்துக்கு இருந்தா போதும், அதுதான் மரத்துக்கு கவசம். புதுசுல அது கிடையாது. வெறும் மரத்துல டார்ச்சக் காட்டுறீங்க, அதுக்கு மேல ஒரே பக்கமா காத்து அடிச்சு கங்கு ஒரு பக்கமா எறங்கி அதே எடத்துலயே எரியுது. எனக்கு அதான் ஆச்சு. முதல்ல பௌலுக்கு வெளிய ஒரு எடம் மட்டும் தொட்டா சுட்டுச்சு. அப்புறம் அந்த எடத்துல பாலிஷ் கறுத்துச்சு. நான் என்னமோ பைப்புக்கு வயசாகி நிறம் ஏறுதுன்னு பெருமையா பாத்துக்கிட்டு இருந்தேன், முட்டாப்பய. ஒரு நாள் மயிரிழை மாதிரி விரிசல், அடுத்த வாரம் மாடில உக்காந்திருக்கும்போது பக்கவாட்டுல இருந்து புகை வருது. விரல வச்சுப் பாத்தா ஓட்டை.

திரும்பக் கப்பல் ஏறுனப்ப சீஃப் கிட்ட காட்டுனேன். ஒண்ணுமே திட்டல. சுருட்டுச் சாம்பல தண்ணில கொழைச்சு உள்பக்கமா பூசிக் குடுத்தாரு, ஒரு மாசம் ஓடுச்சு, மறுபடி அதே எடத்துல புட்டுக்கிச்சு. உள்ள லேசா குழி விழுந்தா அந்தப் பூச்சு நிக்கும், வெளிய வரைக்கும் போனதுக்கு நிக்காது. அந்த பைப்ப இப்பவும் வச்சிருக்கேன், போன ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வந்து காட்டவும் செஞ்சேன்.

எதுக்கு காட்டுனேன்னா, வந்த ரெண்டாவது ஆளு புத்தம் புது பைப்பு, ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோதான் பிடிக்கிறாரு, பாக்கெட்ல இருந்து எடுத்தாரு பாருங்க ஒரு ஜெட் லைட்டர், அதுவும் மூணு ஊசி வர்றது. அண்ணே காத்துக்கு இதாண்ணே கரெக்ட்டுங்கறாரு. நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள உஸ்ஸுன்னு விளிம்பு மேல ஒரு சுத்து சுத்திட்டாரு. ஓட்டை பைப்பை காட்டி முழுக் கதையும் சொன்னேன், பொறுமையா கேட்டாரு, கேட்டுட்டு, இல்லண்ணே இது ஜப்பான் லைட்டர்ங்கறாரு. என்னத்தச் சொல்ல.

காத்துக்கு லைட்டர்தான் வேணும்னு அடம் பிடிக்கிறவங்க ஜிப்போ பாருங்க. அதுல பைப்புக்குன்னே ஒரு மாடல் இருக்கு, திரியச் சுத்தி இருக்கற தகட்டுல வட்டமா பெரிய ஓட்டை போட்டிருப்பான், அத பௌலுக்கு நேரா வச்சு இழுத்தா மஞ்சத் தீ ஓட்டை வழியா உள்ள எறங்கும். பத்த வச்ச உடனே கிட்ட கொண்டு போகாதீங்க, அஞ்சாறு செகண்ட் எரிய விடுங்க, இல்லன்னா மொத இழுப்பு பெட்ரோல் வாடை அடிக்கும்.

காத்துக்கு முதுகு காட்டி நின்னு குச்சி கிழிக்கிறது

எல்லாருக்கும் தோணுறது இதுதான், முதுகத் திருப்புனா மறைவு கிடைக்கும்னு. கிடைக்காது. நம்ம உடம்போட ரெண்டு பக்கமும் சுத்தி வர்ற காத்து நெஞ்சுக்கு முன்னாடி வந்துதான் சுழலும், சரியா குச்சி இருக்கற எடத்துல. கடற்கரைல வலைக்காரங்க பீடி பத்த வைக்கறத கவனிச்சுப் பாருங்க, காத்துக்கு முகத்தக் குடுத்து நிப்பாங்க, ரெண்டு கையையும் கூடு மாதிரி குவிச்சு, குச்சி மருந்துத் தலை கீழ பாக்கற மாதிரி உள்ள பிடிப்பாங்க. தலை கீழ இருந்தா தீ குச்சி வழியா மேல ஏறும், சீக்கிரம் அவியாது. நமக்குத்தான் கோவில்பட்டியும் சாத்தூரும் பக்கத்துல இருக்கே, மெழுகுல முக்குன நல்ல குச்சியாப் பாத்து வாங்கி ரெண்ட ஒண்ணா சேர்த்துக் கிழிங்க. மருந்து பொசுங்கி முடிஞ்ச பொறவு பைப்புகிட்ட கொண்டு போங்க, அந்த மொத பொசுங்கல உள்ள இழுத்தா கந்தக வாடை பாதி பௌல் வரைக்கும் கூடவே வரும்.

காத்து மூடி

ஓட்டை போட்ட தகர மூடி, ஜெர்மனி ஆஸ்திரியா பைப்புல அதோடயே வரும், தனியாவும் கிடைக்கும். பௌல் அளவு பாக்காம வாங்காதீங்க. சுடும், வெறும் விரலால எடுக்காதீங்க.

தூளா இருக்கற புகையிலை

மெல்லிசா நூல் மாதிரி வெட்டுன புகையிலை வீட்டுக்குள்ள அருமையா பத்தும். வெளிய அது வைக்கோல் போர். அஞ்சு நிமிசத்துல சாம்பல், போதாததுக்கு பொறி பறந்து சட்டைல ஓட்டை, என்னோட ரெண்டு பனியன் அப்படித்தான் போச்சு. காத்துல பிடிக்கறதுன்னா ஃப்ளேக் மாதிரி அழுத்தி வச்ச தகட்ட அப்படியே மடிச்சு உள்ள வைங்க, ரொம்ப உதிர்க்க வேணாம், பத்தறது லேட் ஆகும் ஆனா நின்னு எரியும். வழக்கத்த விட கொஞ்சம் இறுக்கமா, விளிம்புக்கு ஒரு நூல் கீழயே நிறுத்திக்கோங்க. பொங்கி மேல வந்தா டேம்பர், அதான் புகையிலைய அமுக்குற கட்டை, அத வச்சு லேசா அமுக்குங்க, குத்தாதீங்க.

நல்ல பைப்ப வெளிய எடுத்துட்டுப் போறது

வேணாம். சோளக்கட்டை பைப் ஒண்ணு வாங்கி வைங்க, அமெரிக்கால மிசூரில 1869ல இருந்து செய்றாங்க, அமெரிக்க ராணுவ ஜெனரல் மெக்கார்தர் வாயில வச்சிருப்பாரே அந்த சாதி. எரிஞ்சு போனா அழுகை வராது. அதுக்காக அதுலயும் ஜெட் லைட்டர் காட்டணும்னு இல்ல.

காடு, மலை, காய்ஞ்ச புல்லு

பிடிக்காதீங்க. 2018 மார்ச்ல தேனிப் பக்கம் குரங்கணி காட்டுத்தீல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். மாசி பங்குனில அங்க ஒரு பொறி போதும்.

சூடா பாக்கெட்ல போடுறது

ஒரு தடவ போட்டா அடுத்த தடவ போட மாட்டீங்க.

சாம்பல் தட்டுறது

பைப் அவிஞ்சிருச்சுன்னு நெனச்சு கைப்பிடிச் சுவத்துல தட்டுவோம், மேல இருக்கறது சாம்பல், அடில கங்கு இருக்கும், காத்து வாங்கிட்டுப் போயிரும். ஒரு பழைய தகர டப்பால கொஞ்சம் மணல் போட்டு வச்சுக்கோங்க, அதுக்குள்ள கவுத்தி தட்டுங்க. நான் இதக் கத்துக்கிட்டது பக்கத்து வீட்டு அக்கா கிட்ட. அவங்க மாடில வேட்டி விரிச்சு வத்தல் காயப் போட்டிருந்தாங்க, நான் இங்க தட்டுனேன், அங்க வேட்டில மூணு எடத்துல ஓட்டை, வத்தல் பூரா சாம்பல். அதுக்கு அப்புறம் பன்னெண்டு வருசம் ஆச்சு, இப்பவும் அக்கா மாடி ஏறுறதுக்கு முன்னாடி கீழ நின்னு குரல் குடுத்துட்டுத்தான் ஏறும், "தம்பி, மேல இருக்கியா?"