அமெரிக்க விசா செய்தி வந்தால் அதைப் படிக்கும் முறை

"அமெரிக்கா முடிவு செய்துவிட்டது" என்று ஒரு செய்தி தொடங்கினால் அந்த வரியிலேயே நில்லுங்கள். முடிவு செய்தது யார்? அதிபரா, காங்கிரஸா (அந்த நாட்டு நாடாளுமன்றம்), நீதிமன்றமா? இது தெரியாமல் மேலே படித்துப் பயனில்லை.

நான் பெங்களூரில் விசா ஆவணங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அல்சூர், ஜீவன்பீமா நகர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருவார்கள். பிள்ளை டல்லாஸிலோ சியாட்டிலிலோ இருப்பான்; பெற்றோர் இங்கே வாட்ஸ்அப்பைப் பார்த்துப் பதறுவார்கள். அவர்களுக்குச் சொல்லித் தருவதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்ப் பழக்கத்தை ஒதுக்கி வையுங்கள். இங்கே பிரதமருக்கு மக்களவையில் பெரும்பான்மை இருக்கும். அரசு கொண்டுவரும் மசோதா பெரும்பாலும் நிறைவேறிவிடும். அங்கே அதிபர் காங்கிரஸில் உறுப்பினரே கிடையாது. 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 100 பேர் கொண்ட செனட்டும் ஒரே மசோதாவை எழுத்து மாறாமல் நிறைவேற்ற வேண்டும். அப்புறம்தான் அது அதிபரிடம் போகும். அவர் வீட்டோ செய்யலாம், அதாவது ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பலாம். இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் திரும்ப ஆதரித்தால் அவர் கையெழுத்து இல்லாமலே சட்டமாகும். 2020 டிசம்பரில் பாதுகாப்புத் துறை மசோதாவை டிரம்ப் திருப்பி அனுப்பினார். 2021 புத்தாண்டு அன்று செனட் 81க்கு 13 என்ற கணக்கில் வீட்டோவைத் தள்ளியது. அப்போது செனட்டில் பெரும்பான்மை அவருடைய கட்சிக்குத்தான். எனவே "மசோதா தாக்கல்" என்ற அளவில் வரும் செய்திக்காக யாரும் வீட்டை விற்க வேண்டாம், டிக்கெட்டை ரத்து செய்யவும் வேண்டாம். பெரும்பாலான மசோதாக்கள் சபையின் ஆய்வுக் குழுவைத் தாண்டுவதே இல்லை.

அதிபரின் ஆணையோ பிரகடனமோ வந்தால் கதை வேறு. அது உடனே அமலுக்கு வரலாம். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: இதற்கு அதிகாரம் எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது?

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, புதிய எச்-1பி (வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலை விசா) மனுவுக்கு 1,00,000 டாலர் என்ற பிரகடனம் வந்தது. மறுநாள் காலை ஓர் அம்மா மகனோடு வந்தார். நவராத்திரிக்கு லீவில் வந்தவன், அன்று ராத்திரியே கிளம்ப விமானம் தேடிக்கொண்டிருந்தான். பிரகடனத்தை அச்செடுத்து மேசையில் விரித்தோம். பென்சிலால் முதலில் கோடு போட்டது 212(எஃப்) என்ற பிரிவு எண்ணுக்கு. வெளிநாட்டவர் நுழைவதை நிறுத்தவும் கட்டுப்படுத்தவும் குடியேற்றச் சட்டத்தின் அந்தப் பிரிவில் காங்கிரஸே அதிபருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அடுத்த கோடு காலத்துக்கு: நீட்டிக்காவிட்டால் 12 மாதத்தில் காலாவதி. அப்புறம் அது எதைத் தொடவில்லை என்று பார்த்தோம். ஆண்டுக்கு 65,000 விசா, அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு இன்னும் 20,000 என்ற உச்சவரம்பு அப்படியே இருந்தது. அது காங்கிரஸ் சட்டத்தில் எழுதியது. மாற்றுவதென்றால் காங்கிரஸ்தான் மாற்ற வேண்டும். கையெழுத்தான மறுநாளே, ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொகை பொருந்தாது என்ற அரசு விளக்கமும் வந்துவிட்டது.

அதிபர் காட்டும் சட்டம் அந்த அளவுக்கு இடம் கொடுக்கிறதா என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. கொரியப் போர் நடக்கும்போது, 1952-ல் அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசுக் கட்டுப்பாட்டில் எடுத்தார். உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று செல்லாது என்றது, ஆலைகள் உரிமையாளர்களிடம் திரும்பின. 2023-ல் பைடனின் மாணவர் கடன் தள்ளுபடிக்கும் அதே கதி, அதே 6க்கு 3.

காங்கிரஸும் இந்தக் கட்டுக்கு வெளியே இல்லை. அதற்கு ஒரு விசா வழக்கையே காட்டுவேன். ஜக்தீஷ் ராய் சாதா, கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். 1966-ல் மாணவராக அமெரிக்கா போனார். 1972-ல் விசா காலம் முடிந்தது. 1974-ல் குடியேற்ற நீதிபதி அவரை நாடு கடத்துவதை நிறுத்தினார். (பெயர்தான் நீதிபதி, அவர் நிர்வாகப் பிரிவின் கீழ் வேலை பார்ப்பவர். இதைப் பலர் கவனிப்பதில்லை.) அந்த முடிவை காங்கிரஸின் ஏதாவது ஒரு சபை தனியாகவே ரத்து செய்யலாம் என்று அப்போது சட்டம் இருந்தது. 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை, இப்படி நிறுத்தம் கிடைத்த 340 பேர் பட்டியலிலிருந்து ஆறு பேரைப் பொறுக்கி, அவர்களுக்குக் கிடைத்ததை ரத்து செய்தது. வாக்குகளை எண்ணிப் பதிவுகூடச் செய்யவில்லை. ஆறு பேரில் சாதாவும் ஒருவர். அவர் விடவில்லை. 1983-ல் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தீர்ப்புச் சொன்னது: இரண்டு சபையும் நிறைவேற்றி அதிபரிடம் போகாத எதுவும் சட்டத்தின் வேலையைச் செய்ய முடியாது. அதே மாதிரி ஏற்பாடு இருந்த ஏறக்குறைய 200 சட்டப் பிரிவுகள் அந்த ஒரு வழக்கில் ஆட்டம் கண்டன. விசா முடிந்த ஒரு தனிமனிதர் காங்கிரஸை எதிர்த்து நின்று வென்றார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

நீதிமன்றத்துக்கும் அதிபருக்கும்கூடக் கடிவாளம் உண்டு. நீதிபதிகளை நியமிப்பது அதிபர், ஒப்புதல் தருவது செனட். 1987-ல் உச்ச நீதிமன்றத்துக்கு அதிபர் ரீகன் முன்மொழிந்த ராபர்ட் போர்க்கை செனட் 58க்கு 42 என்று நிராகரித்தது. அதிபரைப் பதவி நீக்க பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டினால் போதாது, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அப்படி நீக்கப்பட்ட அதிபர் இதுவரை யாருமில்லை.

கடைசியாக, "நீதிமன்றம் தடை விதித்தது" என்று படித்தால் இரண்டு விஷயம் பாருங்கள். மாவட்ட நீதிமன்றமா, மேல்முறையீட்டு நீதிமன்றமா, உச்ச நீதிமன்றமா? கீழ்க் கோர்ட் போட்ட தடையை மேல் கோர்ட் நிறுத்தி வைக்கலாம். அடுத்தது, தடை யாருக்கு? 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஒரு மாவட்ட நீதிபதி நாடு முழுவதற்குமாகத் தடை போடுவதைக் கட்டுப்படுத்திவிட்டது. வழக்குப் போட்டவருக்கு மட்டும் கிடைத்த நிவாரணம் உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே பயணத் தேதி குறிக்கும் முன், ஆணையின் தேதி, பிரிவு எண், எந்தக் கோர்ட் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் கம்பெனி வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள்.