ஊருக்கு டிக்கெட் போடும் முன்

ஜெர்மனியில் படிப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகும் (காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால் எடை கூடுகிறது). சென்னை–பிராங்க்பர்ட் போய்வர, எகானமி இருக்கையில் உங்கள் பங்கு ஏறக்குறைய ஒரு டன். இந்தியர் ஒருவரின் ஆண்டு சராசரியே இரண்டு டன் அளவில்தான் இருக்கிறது.

அதற்காக அம்மாவைப் பார்க்காமல் இருக்க முடியுமா? போங்கள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம், கோடையில் இரண்டு வாரம் என்று இருமுறை பறப்பதற்குப் பதில், ஜூலை கடைசி முதல் அக்டோபர் வரை வரும் நீண்ட விடுமுறையில் ஒரே தடவை போய் ஆற அமர இருந்துவிட்டு வரலாம். ஊறுகாய் பாட்டிலும் பருப்புப்பொடியும் ஒரே பெட்டியில் ஆறு மாதத்துக்கு வந்துவிடும். முடிந்தால் நேரடி விமானமே எடுங்கள். வளைகுடா வழியாகப் போனால் இரண்டாவது டேக்-ஆஃபுக்கும் எரிபொருள் செலவாகும்.

வாரக்கடைசியில் பாரிஸ் பார்க்க ஆசையா? பிராங்க்பர்ட்டிலிருந்து அதிவேக ரயிலில் நாலு மணி நேரம்தான். முன்கூட்டியே பதிவு செய்தால் விலையும் குறையும். விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றி நிற்கும் நேரமும் மிச்சம்.